கேஸ் வாங்கும் முன் டிஸ்க்கைக் காட்டுங்கள்

"ஹார்டு டிஸ்க் கேஸ் என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டேதான் பெரும்பாலானவர்கள் கடைப் படி ஏறுவார்கள். "டிஸ்க் எங்கே?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். "சின்னதுதாண்ணே, லேப்டாப்ல இருந்து கழட்டினது" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அளவு காட்டுவார்கள். விரல் அளவை நம்பி நான் கேஸ் எடுத்துக் கொடுப்பதில்லை; போய் டிஸ்க்கை எடுத்து வரச் சொல்லிவிடுவேன். வருகிற வியாபாரத்தைத் துரத்துகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரருக்கு என் மேல் வருத்தம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் என் கடை இல்லாவிட்டால் அடுத்த கடை, அதுவும் இல்லாவிட்டால் நரசிங்கபுரம் தெரு. வாங்க நினைத்தவர் எங்காவது வாங்கிவிடுவார்தான். ஆனால் பொருந்தாத கேஸைத் தூக்கிக்கொண்டு மறுநாள் சண்டைக்கு வருகிறவர் வாங்கிய கடைக்குத்தானே வருவார்?

டிஸ்க் கைக்கு வந்ததும் அதன் லேபிளைப் பார்ப்பேன். கம்பெனிப் பெயரை இல்லை. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் வரியை. 5 வோல்ட் மட்டும் இருந்தால் அது இரண்டரை இன்ச், லேப்டாப் டிஸ்க். 5, 12 என்று இரண்டும் இருந்தால் மூன்றரை இன்ச், டெஸ்க்டாப் டிஸ்க். சாதாரண யூஎஸ்பி ஒயரில் வருவது 5 வோல்ட். ஆகவே சின்ன டிஸ்க் ஒயரிலேயே ஓடிவிடும், பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். சாட்டா வந்த பிறகு இரண்டுக்கும் பின்பக்கக் கனெக்டர் ஒன்றாகிவிட்டது: டேட்டாவுக்கு 7 பின், பவருக்கு 15 பின். அதனால் சின்ன கேஸின் போர்டைக் கழற்றிப் பெரிய டிஸ்க்கில் செருகிப் பார்க்கிறவர்கள் உண்டு. செருகும், லைட்டும் எரியும், டிஸ்க் மட்டும் சுற்றாது. "செத்துப்போச்சுண்ணே" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். மேசையில் 12 வோல்ட் கொடுத்த உடனே அது எழுந்து ஓடும்.

சின்ன டிஸ்க்கிலும் மின்சாரம்தான் முதல் தகராறு. யூஎஸ்பி 2.0 போர்ட் முறைப்படி தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அது போதும். நின்றிருக்கும் தட்டைச் சுழற்றி எழுப்புகிற அந்தச் சில நொடிகளில்தான் அது ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். பத்தவில்லை என்றால் சத்தமே சொல்லிவிடும். 'விர்ர்' என்று கிளம்பும், பாதி வழியில் தொய்யும், 'டிக்' என்று படிக்கும் ஹெட் உள்ளே திரும்பும், மறுபடியும் 'விர்ர்'. ஹெட் போன டிஸ்க்கும் டிக் டிக் என்றுதான் அடிக்கும், ஆனால் அது முழு வேகத்துக்குப் போய்விட்டு ஒரே தாளத்தில் தட்டும். மின்சாரம் போதாத டிஸ்க் வேகமே எடுக்காமல் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே போகும். காதை அருகில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் வித்தியாசம் இது. தெரியாதவர்கள் ரிக்கவரிக் கடைக்குப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

மின்சாரம் போதாததற்கு வைத்தியம் சுலபம். சிபியூவின் முன்பக்கப் போர்ட்டில் செருகாமல் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். முன்பக்கத்துக்குப் போகும் மெல்லிய ஒயரிலேயே கொஞ்சம் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. கேபிள் குட்டையாக இருக்கட்டும். பழைய லேப்டாப் என்றால் இரண்டு தலை உள்ள ஒய் கேபிள் வாங்குங்கள். டிவியில் போட்டுப் படம் பார்க்கத்தான் கேஸ் என்றால், டிவியின் பின்னால் எந்த யூஎஸ்பி ஓட்டைக்குப் பக்கத்தில் எச்டிடி என்று எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சில டிவிகளில் அந்த ஒன்றில்தான் டிஸ்க்கைச் சுழற்றும் அளவுக்குத் தெம்பு இருக்கும்.

பெரிய டிஸ்க்கில் சேதமே அடாப்டரால்தான். கேஸோடு வருவது பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர். அது தொலைந்துபோனால் வீட்டில் இருக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரையோ கேபிள் டிவி பெட்டியின் அடாப்டரையோ எடுத்துச் செருகுவார்கள். அதுவும் 12 வோல்ட்தானே என்பது கணக்கு. வோல்ட் சரி, ஆனால் அதில் அரை ஆம்பியரோ ஒரு ஆம்பியரோதான் இருக்கும். டிஸ்க் கிளம்பும், விழும், கிளம்பும், விழும். அதுகூடப் பரவாயில்லை. சிலர் முனை பொருந்துகிறதே என்று லேப்டாப் சார்ஜரைச் செருகிவிடுகிறார்கள். அது 19 வோல்ட். ஒரு நொடியில் கருகல் வாசனை வரும், எல்லாம் முடிந்துவிடும்.

முழுக்க முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் போர்டில், பவர் பின்களுக்குப் பக்கத்தில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பு நிறத்தில் இரண்டு டயோடுகள் உட்கார்ந்திருக்கும். ஒன்று 5 வோல்ட் பாதைக்கு, மற்றது 12 வோல்ட் பாதைக்கு. கூடுதல் வோல்டேஜ் வந்தால் தாங்கள் ஷார்ட் ஆகிப் பின்னால் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அவற்றின் வேலை. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து டயோடின் இரு முனைகளையும் தொடுவேன். இரண்டு திசையிலும் பீப் அடித்தால் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். டயோடு போய்விட்டது, அதாவது தன் வேலையைச் செய்திருக்கிறது. சூடான முனையால் அதைத் தூக்கி எடுத்துவிட்டு, நல்ல அடாப்டர் கொடுத்து, உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்கு உடனே காப்பி எடுத்துவிடுவேன். காவல் இல்லாத டிஸ்க்கை அதன்பின் தொடர்ந்து ஓட்டக் கூடாது. பீப் அடிக்காவிட்டால் சேதம் டயோடைத் தாண்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அது பெரிய வேலை. ஆகையால் பெரிய கேஸ் விற்கும்போது அடாப்டரின் முதுகில் வெள்ளை மார்க்கரால் 'டிஸ்க்' என்று எழுதித்தான் கொடுக்கிறேன். 

அடுத்தது, காசு கொடுப்பவர் கண்ணில் படாத விஷயம். கேஸ் என்று வாங்குகிறீர்களே, அதில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஸ்க்ரூவும் போக மீதி, விரல் நீளத்தில் ஒரு சின்ன போர்டு. அதன் நடுவில் நகக்கண் அளவு ஒரு சிப். சாட்டா மொழியில் பேசும் டிஸ்க்கை யூஎஸ்பி மொழியில் பேச வைப்பது அந்த சிப்தான். தொழிலில் அதை பிரிட்ஜ் என்போம். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பிராண்டுகள் ஐம்பது இருக்கலாம். உள்ளே பார்த்தால் ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக், விஐஏ என்று ஒரு கை விரலில் எண்ணிவிடக்கூடிய தைவான் சிப்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் புது மாடல் கேஸ் மொத்தக் கடையில் இருந்து வந்தால் ஒன்றைப் பிரித்து, லென்ஸ் வைத்து சிப்பின் நம்பரைப் படிப்பேன். ஜேஎம்எஸ்578, ஏஎஸ்எம்1153இ என்று இருந்தால் யோசிக்காமல் அடுக்குவேன். சிப்பின் தலையைச் சுரண்டி நம்பரை அழித்திருந்தால் அந்த மாடலே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். பெயரை மறைக்கிற பொருளை நம்பி ஒருவர் தன் கல்யாண போட்டோவைப் போட வேண்டுமா?

சிப் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு: 746 ஜிபி. 3 டிபி டிஸ்க்கைப் பழைய கேஸில் போட்டால் விண்டோஸ் 746 ஜிபி என்று காட்டும். டிஸ்க் போலி, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கத்துவார்கள். யாரும் ஏமாற்றவில்லை. பழைய பிரிட்ஜ் சிப்கள் டிஸ்க்கின் கட்டங்களை 32 பிட் எண்ணில் எண்ணுகின்றன. ஒரு கட்டத்துக்கு 512 பைட் என்றால், விண்டோஸ் கணக்கில் 2,048 ஜிபி-யோடு எண்ணிக்கை தீர்ந்துபோகும். அதற்கு மேல் மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும். 3 டிபி டிஸ்க் விண்டோஸ் கணக்கில் 2,794. அதில் 2,048 போனால் 746. டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை. கேஸ் மாற்றினால் முழுசும் தெரியும். ஆனால் அந்த 746-ஐ நம்பி அதில் எழுத ஆரம்பித்தால் பிறகு வருவதற்கு நான் பொறுப்பில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்து ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஒருவர் ஒரு பெரிய டிஸ்க்கோடு வந்தார். 4 டிபி. பெயர் பெற்ற கம்பெனி ஒன்றின் மேசை எக்ஸ்டர்னலாக வாங்கியது. அதன் போர்டு ஒருநாள் கருகிவிட்டது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும் என்று அவரே பெட்டியை உடைத்து, புதுக் கேஸ் வாங்கிப் போட்டிருக்கிறார். டிஸ்க் சுற்றுகிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் திறந்தால், 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்கிறது.

"ஃபார்மட் குடுத்துட்டீங்களா?"

"இல்ல சார். கையெல்லாம் நடுங்கிருச்சு. அப்படியே பிடுங்கிட்டேன்."

"அது போதும். உட்காருங்க."

நடந்தது இதுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கம்ப்யூட்டரிலும் பெரிய டிஸ்க் ஓட வேண்டும் என்பதற்காகச் சில கம்பெனிகளின் பிரிட்ஜ் ஒரு தந்திரம் செய்தது. டிஸ்க்கின் 512 பைட் கட்டங்களை எட்டெட்டாகச் சேர்த்து, 4,096 பைட் கட்டம் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லியது. எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறைந்ததால் 2 டிபி சுவர் உடைந்தது. ஆனால் எந்த பார்ட்டிஷன் எங்கே ஆரம்பிக்கிறது என்கிற குறிப்பும் அந்தப் புதுக் கணக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி 512 கணக்கில் பேசும் கேஸில் போட்டால், கட்டம் 256 என்று எழுதியிருப்பதை அது வேறு இடத்தில் போய்த் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. கல்யாண வீடியோ அத்தனையும் இருந்த இடத்திலேயே இருக்கும்; போகிற வழி மட்டும் தப்பாகிவிடும்.

உடைந்த கேஸ்களின் போர்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. மேசைக்குக் கீழ் ஒரு ஸ்வீட் டப்பா நிறைய வைத்திருக்கிறேன். அதில் அவருடைய பழைய போர்டின் அதே வகை ஒன்று கிடைத்தது. போட்டவுடன் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன: மணமக்கள் பெயர், தேதி, வரவேற்பு, முகூர்த்தம். கிடைத்திராவிட்டால் லினக்ஸில் கட்ட அளவை 4,096 என்று சொல்லித் திறந்திருக்கலாம்; கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இதில் இருந்து நான் எல்லோருக்கும் சொல்வது: பழைய கேஸ் கெட்டால் டிஸ்க்கோடு அந்தக் கேஸையும் கொண்டு வாருங்கள். குப்பையில் போட்டுவிட்டு வராதீர்கள்.

சில எக்ஸ்டர்னல்களில் இந்த வைத்தியமும் பலிக்காது. பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் பிரிட்ஜே எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்து எழுதும் வகை உண்டு. அதில் இருந்து கழற்றிய டிஸ்க் வேறு எந்தக் கேஸிலும் வெறும் குப்பையாகத்தான் தெரியும். இன்னும் சில இரண்டரை இன்ச் எக்ஸ்டர்னல்களைப் பிரித்தால் சாட்டா கனெக்டரே இருக்காது. யூஎஸ்பி ஓட்டை டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும். ஓட்டை ஆடிப்போனால் கேஸ் மாற்றி விடலாம் என்று பெட்டியை நெம்பி உடைத்தவர்கள் வந்து நிற்பார்கள். அதற்குக் கேஸ் கிடையாது. ஓட்டையை மாற்றிச் சால்டர் வைக்க வேண்டியதுதான்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல இருப்பது பெயர்க் குழப்பம்தான். 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று வந்தது பிறகு 3.1 ஜென் 1 ஆயிற்று, அதன்பின் 3.2 ஜென் 1 ஆயிற்று. மூன்றும் ஒன்றே, 5 ஜிகாபிட். பெட்டியில் 3.2 என்று போட்டு நூறு ரூபாய் கூடக் கேட்டால் ஜென் என்ன என்று கேளுங்கள். சுற்றும் டிஸ்க்குக்கு 5 ஜிகாபிட்டே தாராளம். லேப்டாப் டிஸ்க் நொடிக்கு 100, 130 எம்பி-க்கு மேல் தராது. ஆனால் யூஎஸ்பி 2.0 கேஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். நொடிக்கு 35 எம்பி போனாலே அதிகம். ஒரு டிபி காப்பி எடுக்க எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 3.0-இல் அதுவே இரண்டரை மணி. எஸ்எஸ்டி போடுவதாக இருந்தால் யூஏஎஸ்பி என்ற வேகமான பரிமாற்ற முறை இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 8-இல் இருந்து அதற்கு ஆதரவு உண்டு. சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் போகும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

3.0 கேஸ் வாங்கிய பிறகு "மவுஸ் துள்ளுதுண்ணே" என்று வருகிறவர்கள் உண்டு. வயர்லெஸ் மவுஸ் ஓடுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸில். யூஎஸ்பி 3.0 ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் கம்பெனியே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆவணம் போட்டது. மவுஸின் ரிசீவரை எதிர்ப் பக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். உலோகக் கேஸும் நல்ல கவசம் உள்ள கேபிளும் இருந்தால் இரைச்சல் குறையும். அலுமினியத்துக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதில் எனக்குப் பிடித்த நியாயம் இதுதான், பளபளப்பு இல்லை.

கேஸில் முதலில் சாவது கேபிள் செருகும் ஓட்டை. அகலமாக, இரண்டு பகுதியாக இருக்கும் மைக்ரோ பி 3.0 ஓட்டை சிப்புக்கு முன்னாலேயே சாகும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டினாலே இணைப்பு அறுந்துபோகும். காப்பி பாதியில் அறுந்தால் ஃபைலும் போகும். டைப் சி ஓட்டை உள்ளதை எடுங்கள் என்று இப்போது நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அதிலும் ஒரு வம்பு: கேஸோடு வந்த கேபிளை எங்கோ போட்டுவிட்டு போன் சார்ஜர் கேபிளைச் செருகினால் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடும், சிலதில் டிஸ்க் வரவே வராது. வேகம் இல்லை என்று வருகிறவரிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது கேபிளைத்தான்.

தடிமனைப் பற்றி ஒரு வரி. இப்போதைய லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர், பழையது 9.5. எக்ஸ்டர்னலில் இருந்து கழற்றிய 4, 5 டிபி டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர் வரை போகும். சாதாரணக் கேஸின் மூடி மூடாது. 7 மில்லிமீட்டர் டிஸ்க் உள்ளே ஆடினால் கேஸோடு தரும் ஸ்பாஞ்சை ஒட்டுங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆடுகிறது என்று பேப்பரை மடித்துத் திணித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெப்பம் நம் ஊர்ப் பிரச்சினை. டிஸ்க் கம்பெனிகள் 60 டிகிரி செல்சியஸை எல்லையாகப் போடுவது வழக்கம். சித்திரை வெயிலில், ஃபேன் மட்டும் சுற்றும் அறையில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் பெரிய டிஸ்க் ஒன்று மணிக்கணக்கில் காப்பி எடுத்தால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. அலுமினியம் என்றாலும் உலோகம் டிஸ்க்கைத் தொட வேண்டும். நடுவே காற்று இருந்தால் வெளியே குளிர்ச்சி, உள்ளே கொதிப்பு. மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்கிறவருக்கு நான் பெரிய கேஸே விற்பதில்லை. மேலே இருந்து டிஸ்க்கைச் செருகும் டாக் வாங்கிக்கொள்ளச் சொல்லுவேன். டிஸ்க் திறந்தவெளியில் நிற்கும், காற்று படும், வேலை முடிந்ததும் எடுத்து உறையில் வைக்கலாம். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் மட்டும் அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்வேன்.

கேஸுக்கு வரும் டிஸ்க்குகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் ஊரின் கதையும் கொஞ்சம் இருக்கிறது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது புது டிஸ்க்கின் விலை எகிறியது. பழைய டிஸ்க்கைக் கேஸில் போட்டு ஓட்டும் பழக்கம் அப்போது வேகம் பிடித்தது. அதே வருடம் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. சில வருடம் கழித்து அவற்றின் மதர்போர்டும் பேட்டரியும் போய், டிஸ்க்குகள் மட்டும் நல்லபடியாக என் மேசைக்கு வந்தன. ஒரு பொறியியல் மாணவியின் அம்மா, மகளின் பிளஸ் டூ பாடக் குறிப்பெல்லாம் அதில் இருப்பதாகச் சொல்லி, புடவைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்தார். அந்த மாதிரி டிஸ்க்குக்கு விலை குறைந்த கேஸைக் கொடுக்க மனசு வராது. வாங்குகிறவரிடம் கூடக் கேட்கவும் மனசு வராது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு வந்தவை வேறு ரகம். சேறு காய்ந்த டிஸ்க்குகள். "ஒரு தடவை கேஸ்ல போட்டுப் பாருங்கண்ணே" என்பார்கள். போடவே கூடாது. டிஸ்க்கில் காற்றழுத்தத்துக்காக ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாக உள்ளே போயிருக்கலாம். ஈரத்தோடும் மண்ணோடும் தட்டைச் சுழற்றினால் ஹெட் தட்டையே உழுதுவிடும். அவற்றைக் கேஸ் விற்பவன் தொடக் கூடாது, ரிக்கவரிக்காரர் திறந்து பார்க்க வேண்டும். நான் தொடவில்லை.

இப்போது கேட்டு வருவது பாதிக்கு மேல் எம்.2. விரல் நீள எஸ்எஸ்டி. அதில் சாட்டா பேசுவது ஒன்று, என்விஎம்இ பேசுவது ஒன்று. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தங்கப் பற்கள் இருக்கும் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. பெரும்பாலும்தான், லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாட்டா கேஸில் என்விஎம்இ ஓடாது, என்விஎம்இ கேஸில் சாட்டா ஓடாது. எது என்று தெரியாதவருக்கு ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ள கேஸ். அது இரண்டையும் ஏற்கும். விலை கொஞ்சம் கூட, ஆனால் திரும்பி வர வேண்டியிருக்காது. சூடு இதில் பயங்கரம். எஸ்எஸ்டியின் மேல் வைக்க நீல நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு தெர்மல் பேட் தருவார்கள். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு வைக்க வேண்டும். உரிக்காமல் வைத்துவிட்டு, கேஸ் தொடக்கூட முடியவில்லை, வேகம் பாதியில் விழுகிறது என்று வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

கேஸே வேண்டாம், ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று போனைக் காட்டுகிறவர்களும் உண்டு. அப்படி ஒன்று என் மேசையில் இருக்கிறது, பிரித்த நிலையில். உள்ளே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டும், அதை 16 டிபி என்று பொய் சொல்ல வைத்த ஒரு சிப்பும். எடை காட்டுவதற்காக ஓர் இரும்புத் துண்டும். காட்டினால் போதும், போனை உள்ளே வைத்துவிடுவார்கள். ஏற்கனவே வாங்கிவிட்டவருக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுவேன். முழு அளவுக்கும் எழுதித் திருப்பிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

டிஸ்க்கைக் கேஸில் போட்டு முடித்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறப்பேன். டிஸ்க்கின் உடல்நிலைக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பத் தெரியாத பிரிட்ஜ் என்றால் அங்கே ஒன்றும் தெரியாது. அந்தக் கேஸை நான் விற்பதில்லை. தெரிந்தால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பார்ப்பேன். சி5-இல் எண் ஏறியிருந்தால் படிக்க முடியாத கட்டங்கள் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். அப்போது கேஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு, புது டிஸ்க்குக்கு மாற்றச் சொல்லிவிடுவேன். சி7 மட்டும் ஏறியிருந்தால் பயம் இல்லை. எப்போதோ கேபிளோ கனெக்டரோ சரியில்லாமல் இருந்திருக்கிறது.

கடைசியாக ஸ்டூடியோக்காரர்கள் விரும்பிக் கேட்பது, இரண்டு பெரிய டிஸ்க் போடும் கேஸ். பின்னால் சின்னச் சின்ன ஸ்விட்ச் இருக்கும்: இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க, ஒன்றின் நகலை இன்னொன்றில் எழுத, தனித்தனியாகக் காட்ட. சேர்த்து ஒன்றாக்கினால் ஒரு டிஸ்க் போனாலும் இரண்டும் போச்சு. நகல் எழுத வைத்தால், தவறுதலாக அழிக்கும் ஃபைல் அதே நொடியில் நகலிலும் அழியும். தூசி துடைக்கும்போது ஸ்விட்ச் நகர்ந்து, அடுத்த முறை ரீசெட் அழுத்திவிட்டால் டிஸ்க் வெறுமையாகத் தெரியும். போர்டு போனால் அதே போர்டைத் தேடி அலைய வேண்டும். ஆகவே அவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது இரண்டு தனிக் கேஸ். ஒன்று ஸ்டூடியோவில், இன்னொன்று மாமனார் வீட்டில். இரண்டும் சேர்ந்தாலும் விலை அந்தப் பெரிய கேஸைவிடக் குறைவு. எனக்கு லாபமும் குறைவுதான்.